பிள்ளையின் பெயரால் ஒரு தண்ணீர்ப் பந்தல்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்து அன்பர்களுக்குக் குன்றத்தூர் புதிய ஊரன்று. குன்றின் மேல் கோயில் கொண்ட முருகனைக் காண, கிருத்திகைதோறும் குடும்பத்தோடு படியேறியவர்கள் அவர்களில் பலர். அந்தக் குன்றத்தூர்தான் பெரிய புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அவதரித்த தலம். அடியார் பலரின் வரலாற்றை அவர் பாடியிருப்பினும், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் எவரும் கண்ணீரின்றிக் கேட்க இயலாத வரலாறு அப்பூதி அடிகளுடையது.

திங்களூரில் வாழ்ந்த அப்பூதி அடிகள், திருநாவுக்கரசரை நேரில் காணுமுன்னரே அவர்பால் பேரன்பு கொண்டவர். தம் மக்களுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். மடத்திற்கும் குளத்திற்கும் அதே பெயர். வழிப்போக்கர் தாகம் தீர்க்கத் தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர். திங்களூர் வழியே வந்த அப்பர் சுவாமிகள், தம் பெயர் தாங்கிய பந்தலைக் கண்டு வியந்து, இதை அமைத்தவர் தம் பெயரை இடாமல் பிறர் பெயரை இட்டது ஏன் என்று வினவியதாகச் சேக்கிழார் காட்டுகிறார்.

அன்று அப்பருக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டியது. பிள்ளை மாண்டான். அடியவர் அமுது செய்யாமல் போய்விடுவாரே என்று பெற்றோர் அத்துயரை மறைத்தனர். உண்மை உணர்ந்த அப்பர் பெருமான் பதிகம் பாடி அவனை எழுப்பினார்.

எழாத பிள்ளைகள்

புராணத்தில் பிள்ளை எழுந்தான். மயிலையிலும் அவ்வாறே. அரவு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் அடங்கிய குடத்தைச் சிவநேசர் காத்து வைத்திருக்க, ஞானசம்பந்தர் பாடி அவளை மீட்டார். கபாலீசுவரர் கோயிலில் இன்றும் பூம்பாவைக்குச் சந்நிதி உண்டு.

நம் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் எழுவதில்லை. ஐந்து வயதில், எட்டு வயதில் புற்றுநோய்க்குக் குழந்தையைக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பங்கள் நம் தெருக்களிலும் உள்ளன. அந்தக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட்டு வைத்த வைப்பு நிதி அப்படியே இருக்கும். மேற்படிப்புக்கென்றும் திருமணத்திற்கென்றும் பாட்டனார் சேர்த்த தொகை அது. அதை எடுக்கவும் மனம் வராது. வைத்திருக்கவும் மனம் வராது. "இனி இது எதற்கு?" என்ற கேள்விக்கு அந்த வீட்டில் எவராலும் விடை கூற இயலாது.

விடையை நம் மரபே வைத்திருக்கிறது. ஒருவர் பெயரால் பிறர் தாகம் தீர்ப்பது என்பதே அது. அப்பூதி அடிகளின் பந்தலில் நீர் அருந்தியவர் ஒவ்வொருவரும் திருநாவுக்கரசு என்ற பெயரைச் சொல்லிச் சென்றனர். இல்லாமற்போன குழந்தையின் பெயரும் அவ்வாறு ஊரார் நாவில் வாழ வழியுண்டு.

ஆதுலர் சாலை எனும் அறம்

நினைவு அறக்கட்டளையை மேல்நாட்டு வழக்கம் என்று எண்ணுவோர் தஞ்சைக் கல்வெட்டுகளை நினைவுகூர வேண்டும். மாமன்னன் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார், தந்தை சுந்தர சோழரின் பெயரால் தஞ்சையில் ஆதுலர் சாலை ஒன்றிற்கு நிலக்கொடை அளித்தார். ஆதுலர் எனில் நோயாளர். மறைந்த தந்தைக்கு மகள் செய்த நினைவுச் சின்னம் ஒரு மருத்துவமனையாக அமைந்தது.

நமக்கு இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. செங்கல்பட்டுக்கு அப்பால், பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. அங்குள்ள வீரராசேந்திர சோழரின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய வீரசோழன் ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. அதில் 15 படுக்கைகள். மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து சேகரிப்போர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லிலேயே பொறிக்கப்பட்டது.

கோயிலில் நந்தா விளக்கெரிக்க ஆடுகளைக் கொடையளித்த நம் முன்னோர், அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறித்தனர். ஆடு ஒன்று மடிந்தாலும் குட்டி ஈன்று எண்ணிக்கை குறையாதிருக்கும். அதனால் விளக்கு அணையாது. முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு அறம் நடத்தும் இன்றைய மூலநிதியின் தத்துவமும் இதுவேயாகும்.

தங்கையின் நினைவில் எழுந்த ஆலயம்

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்கினால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லும் தொலைவு அதிகமில்லை. அம்மருத்துவமனையின் தோற்றமே உயிர் நீத்த ஒருவரின் நினைவிலிருந்து பிறந்ததாகும்.

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அடியெடுத்து வைத்த முதல் பெண் உறுப்பினரும் அவரே. 1920-களில் அவருடைய தங்கை புற்றுநோயால் துன்புற்று இளவயதிலேயே இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலாத வேதனை அவரைக் கடைசி வரை விடவில்லை. லண்டனுக்கு மேற்பயிற்சிக்குச் சென்றபோது புற்றுநோய் மருத்துவத்தை அறிவதில் ஈடுபாடு காட்டினார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நிகழ்ந்தபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற தம் எண்ணத்தை வெளியிட்டார்.

அந்நாளில் புற்றுநோய் என்றால் மரணம் என்றே பொருள். இறக்கப் போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருந்தது. ஆயினும் இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பொதுமக்களிடம் நிதி திரட்டும் பணி தொடர்ந்தது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. தங்கை மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரே கதவு திறந்தது. துக்கம் ஆறிவிடுவதற்குப் போதிய காலம் அது. எடுத்த சங்கல்பத்தை அவர் மறந்துவிடவில்லை.

அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அச்சிறு மருத்துவமனையைத் தம் வாழ்நாள் வேள்வியாக ஏற்றனர். 1960-ஐ ஒட்டிக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு அங்கே அமைந்தது. நாட்டிற்கே அது முன்னோடி. 2005-இல் மகசேசே விருதும் 2016-இல் பத்ம விபூஷணும் பெற்ற சாந்தா அம்மையார், 2021 ஜனவரி 19 அன்று 93-ஆம் வயதில் மறையும் வரை அந்த வளாகத்தையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார்.

ஆராய்ச்சிக்கு ஏன் அளிக்க வேண்டும்?

நோயுற்ற குழந்தைக்கு மருந்து வாங்கித் தருவது கண்ணுக்குத் தெரியும் புண்ணியம். அன்னதானத்தில் உண்பவரின் முகம் தெரிகிறது. ஆராய்ச்சிக்கு அளித்த பணம் எங்கே போயிற்று, யார் பிழைத்தார் என்று அறிய முடிவதில்லையே என்று பெரியோர் சிலர் தயங்குவதுண்டு. நியாயமான ஐயம்தான். அதற்குரிய விடை தாம்பரத்திலேயே உள்ளது.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரை நாள்தோறும் கேட்கிறோம். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளருக்காகத் தொடங்கிய இல்லத்தால் அமைந்த பெயர் அது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே அன்று காசத்திற்கு மருந்து. பிழைத்தவர் சிலர், திரும்பாதவர் பலர். பின்னர் மருந்துகள் கண்டறியப்பட்டன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, நோயாளர் மாதக்கணக்கில் சானடோரியத்தில் தங்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமாகலாம் என்று நிறுவியது. உலக நாடுகள் அதைப் பின்பற்றின. அந்த ஆய்வால் பிழைத்தவர் எவருக்கும் ஆய்வாளரின் முகம் தெரியாது.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயிலும் இதே வரலாறு உண்டு. அதில் நம் சென்னையோடு தொடர்புடைய ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. 1895-இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவே அவர். இளமையில் இராமகிருஷ்ண மடத்தில் துறவியாகச் சேர விழைந்தவர். மருத்துவம் கற்றுச் சேவை செய்யுமாறு மடத்துப் பெரியோர் அவரை ஆற்றுப்படுத்தினர். உடன்பிறந்தோர் இருவரைச் சில நாள் இடைவெளியில் நோய்க்குப் பலி கொடுத்த வேதனையும் அவரை அத்துறையில் செலுத்தியது. அமெரிக்கா சென்ற அவர், தம் குழுவினரோடு உருவாக்கிய மருந்தைப் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அளித்தார். 10 குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-இல் வெளியான அச்செய்தியே இந்நோயை மருந்தால் அடக்க முடியும் என்று உலகிற்குக் காட்டிய முதல் வெளிச்சம். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அந்த மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இக்குழந்தைகளுக்கு அளிக்கப்படுகிறது.

மருந்து மட்டும் இருந்தால் போதாது. அயல்நாட்டுக் குழந்தைக்கு வகுத்த அளவு, போதிய ஊட்டமில்லாத, எளிதில் கிருமி தொற்றும் நம் ஊர்க் குழந்தைக்குத் தாங்காமல் போகலாம். 1980-களில் அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்க அறிஞரோடு இணைந்து, நம் சூழலுக்கேற்ற ஒரே சிகிச்சை முறையை வகுத்துப் பின்பற்றின. மீண்டெழுந்த குழந்தைகளின் விகிதம் அதன்பின் வெகுவாக உயர்ந்தது. ஆராய்ச்சி என்பது சோதனைக் குழாயோடு முடிவதன்று. எத்தனைக் குழந்தைகள் வந்தனர், யார் பாதியில் நின்றனர், ஏன் நின்றனர் என்று ஆண்டுக்கணக்கில் பதிவேடு பேணுவதும் ஆராய்ச்சியே. அதற்கும் ஆள் வேண்டும், ஊதியம் வேண்டும்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. செல்வ நாடுகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. 2030-க்குள் எங்கும் 60 பேரேனும் பிழைக்க வேண்டும் என்பது அந்நிறுவனம் 2018-இல் வகுத்த இலக்கு. இந்த இடைவெளியை நிரப்ப அறிவும் பணமும் தேவை.

எலுமிச்சைச் சாற்றுப் பந்தல்

அப்பூதி அடிகளின் பந்தலை நினைவூட்டும் நிகழ்வொன்று அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அலெக்ஸாண்ட்ரா ஸ்காட் என்ற சிறுமிக்கு முதல் பிறந்தநாள் வருமுன்னரே நரம்புத் திசுவில் தோன்றும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2000-ஆம் ஆண்டில், 4 வயதில், வீட்டு முற்றத்தில் எலுமிச்சைச் சாறு விற்கும் பந்தல் ஒன்றை அமைக்க விரும்பினாள். சேரும் பணம் தனக்கன்று. தன்னைப் போன்ற மற்றக் குழந்தைகளைக் குணப்படுத்த மருத்துவர்களுக்கு அளிக்கவே என்றாள். அவ்வாண்டு 2,000 டாலர் சேர்ந்தது. ஆண்டுதோறும் பந்தல் தொடர்ந்தது. பிற ஊர்களிலும் பந்தல்கள் எழுந்தன. 2004 ஆகஸ்டில், 8 வயதில், அவள் மறைந்தபோது திரண்டிருந்த தொகை 10 லட்சம் டாலருக்கும் அதிகம். பெற்றோர் அப்பணியை நிறுத்தவில்லை. அவள் பெயரால் நிறுவிய அறக்கட்டளை இன்றும் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி வழங்கி வருகிறது.

மகளை அவர்கள் மீட்கவில்லை. ஆயினும் அவள் தொடங்கிய பந்தலில் நீர் வற்றவில்லை. கோடையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நீர்மோர்ப் பந்தல் அமைக்கும் நம்மவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கொடை வழுவாதிருக்க

நல்ல நோக்கத்தோடு அளித்த பணம் தவறான கையில் சேர்ந்துவிடலாகாது. ஆகவே சிலவற்றை மனத்தில் கொள்வது நலம்.

கைப்பேசியில் வரும் குழந்தையின் புகைப்படத்தையும் கணக்கு எண்ணையும் மட்டும் நம்பிப் பணம் அனுப்பலாகாது. குறிப்பிட்ட மருத்துவமனையை நேரில் அணுகி உறுதி செய்துகொண்டு, மருத்துவமனையின் பெயரிலேயே காசோலை அளிப்பது பாதுகாப்பானது.

ஆராய்ச்சிக்கென்று அளிப்பவர், 'குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக' என்று கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். தொகை முழுவதையும் செலவிடலாமா, அல்லது மூலநிதியாக வைத்து வட்டியை மட்டும் பயன்படுத்த வேண்டுமா என்பதையும் எழுதிக் கையொப்பமிடுவது நன்று. கோயிலில் கட்டளை எழுதி வைப்பதும் இவ்வாறுதானே?

80ஜி என்று பரவலாக அறியப்படும் வரிச் சலுகை எல்லோர்க்கும் பொருந்துவதில்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கு அது இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக அளித்தாலும் சலுகை கிட்டாது. ஆகவே வங்கி வழியே அளித்து, முறையான ரசீது பெறுவதே சிறந்தது. உயிலில் எழுத விரும்புவோர் அறநிறுவனத்தின் பதிவுப் பெயரைப் பிழையின்றி எழுதுதல் அவசியம்.

பெருந்தொகை இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. குழந்தையின் பிறந்தநாளிலோ திதியிலோ உற்றார் கூடும்போது வீட்டில் ஓர் உண்டியல் வைத்து, ஆண்டுக்கொரு முறை செலுத்தும் தொகையும் சேரும் இடம் சேரும்.

சொல்லலாகாத சொல், காண வேண்டிய குறி

பணத்தினும் அரிய கொடை ஒன்று உண்டு. புற்றுநோய் கண்ட குழந்தையின் தாய் கோயிலுக்கு வரும்போது, "எந்த ஜன்மத்துப் பாவமோ" என்று அவள் காதுபட உரைக்காதிருப்பதே அக்கொடை. குழந்தைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பெற்றோர் செய்த எந்தத் தவற்றாலும் வருவன அல்ல. அது தொற்றுநோயும் அன்று. அக்குழந்தையைத் தொடலாம், மடியில் வைத்துக் கொஞ்சலாம். அப்பூதி அடிகளின் மைந்தனை அரவு தீண்டியது அவர் பாவத்தால் என்று சேக்கிழார் கூறவில்லை. அடியார்க்கு அடியாராகவே அவரைப் போற்றுகிறார். ஊரார் சொல்லுக்கு அஞ்சி நோயை மறைப்பதால் சிகிச்சை தாமதமாகும் வீடுகளும் உண்டு.

பேரப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி உணவூட்டும் பாட்டி, தாத்தாவின் கண்களுக்கே மாற்றம் முதலில் புலப்படும். காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், நாளுக்கு நாள் வெளிறும் முகம், அடிபடாமலே தோன்றும் கன்றிய தழும்புகள், வயிற்றிலோ கழுத்திலோ கட்டி, ஓயாத எலும்பு வலி, காலையில் தலைவலியோடு வாந்தி ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்மணியில், குறிப்பாகப் புகைப்படத்தில், வெண்ணிற ஒளி தெரிந்தால் ஒரு நாளும் தாமதியாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாக அது இருக்கக்கூடும். விரைந்து கண்டால் உயிரையும், பெரும்பாலும் பார்வையையும் காக்கலாம். பணமில்லை என்று தயங்குவோர்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. சிகிச்சையைத் தொடங்கியபின் குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றினாலும் பாதியில் நிறுத்தலாகாது.

மறைந்த குழந்தைக்கு எள்ளும் நீரும் இறைப்பது சாத்திரம் வகுத்த கடமையா, இல்லையா என்று குடும்ப வழக்கத்திற்கேற்ப வேறுபடலாம். ஆனால் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி வேறொரு குழந்தையின் உயிருக்கு வழி தேடுவதை எந்தச் சாத்திரமும் தடுக்காது. வைப்பு நிதிச் சான்றிதழில் உறங்கும் அந்தப் பெயர் நாளை ஓர் ஆய்வுக்கூடத்தின் கதவில் இடம்பெறலாம். ஓர் இளம் ஆய்வாளருக்கான உதவித்தொகையின் பெயராகலாம். பிழைத்தெழும் பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியாமலும் போகலாம். அதனாலென்ன? தாகம் தீர்ந்து போகும் வழிப்போக்கரிடம் பந்தல் எதையும் கேட்பதில்லை.

திங்களூர்ப் பிள்ளையை எழுப்பிய பெருமான், நம் ஊர்ப் பிள்ளைகள் யாவரையும் காத்தருள்வானாக.